முதல் மணிநேரத்துச் சொற்கள்

தமிழ்நாட்டின் வரலாற்றுப் பாடநூல்கள் வழியே தீவிரவாதி என்ற சொல் மதிப்புக்குரிய ஒரு சொல்லாகவே பல தலைமுறை மாணவர்களுக்கு அறிமுகமாகியிருக்கிறது. 1907 டிசம்பரில் சூரத்தில் கூடிய காங்கிரஸ் மாநாடு குழப்பத்தில் முடிந்து கட்சி இரண்டாகப் பிரிந்தபோது, விண்ணப்பம் எழுதியும் சட்டமன்றத்தில் வாதாடியும் உரிமைகளைப் படிப்படியாகப் பெறலாம் என்று நம்பிய கோகலே தரப்பினர் மிதவாதிகள் என்றும், அந்நியப் பொருள் மறுப்பையும் சுதேசித் தொழிலையும் முன்வைத்துச் சுயராஜ்யத்தை நேரடியாகக் கோரிய திலகர் தரப்பினர் தீவிரவாதிகள் என்றும் அழைக்கப்பட்டனர். திலகரின் ஆதரவாளர்களாக அங்கே சென்ற வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய பாரதியும் அந்தப் பொருளில் தீவிரவாதிகளே. நூறாண்டு கழித்து அதே சொல் நாளிதழின் முதல் பக்கத்தில் வரும்போது, படிப்பவர் மனத்தில் எழுவது துப்பாக்கி ஏந்திய, முகம் மறைத்த ஓர் உருவம். இதை மொழியின் இயல்பான மாற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த மாற்றம் பெரும்பாலும் நிகழ்ந்த இடம் செய்தித்தாளும் தொலைக்காட்சியும் என்பதால், யாரைத் தீவிரவாதி என்று ஊடகம் அழைக்கிறது, யாரை அழைக்காமல் விடுகிறது, அந்த முடிவை எந்த நேரத்தில் எடுக்கிறது என்ற கேள்விகள் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

தீவிரவாதம் என்பது ஒரு நிலைப்பாடு. ஒரு சமூகம் பொதுவாக ஏற்றுக்கொண்டிருக்கும் கருத்தெல்லைக்கு வெகு தொலைவில் நின்று, மாற்றுக் கருத்துக்கு இடமே தர மறுக்கும் அரசியல் அல்லது மதப் பார்வை. பயங்கரவாதம் என்பது ஒரு செயல். பொதுமக்களைக் கொன்றோ அச்சுறுத்தியோ அதன்வழி ஓர் அரசையோ சமூகத்தையோ பணியவைக்க முயலும் வன்முறை. தீவிரமான கருத்துடைய பலர் வாழ்நாள் முழுவதும் ஒருவரையும் தொடாமல் இருந்துவிடுகிறார்கள் என்பதால் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது. ஆயினும் தமிழ் ஏடுகளில் இவை ஒன்றுக்கு மற்றொன்றாக, பல நேரங்களில் ஒரே செய்தியின் தலைப்பில் ஒன்றும் உள்ளே மற்றொன்றுமாக, வந்துகொண்டிருக்கின்றன. சட்டத்துறையிலும் தெளிவு குறைவு: இலங்கையில் 1979 முதல் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறது, இந்தியாவில் 1985இல் தடாவும் 2002இல் பொடாவும் வந்து போயின, ஆனால் பயங்கரவாதம் எது என்பதற்கு உலக நாடுகள் அனைத்தும் ஒப்புக்கொண்ட ஒரு வரையறையை ஐக்கிய நாடுகள் அவையால் இன்றுவரை எட்ட முடியவில்லை.

வரையறை இல்லாத இடத்தில் அதிகாரம் பெயர் சூட்டுகிறது, அதிகாரம் மாறும்போது பெயரும் மாறுகிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்று தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் கிடைத்த கடிதம், நாட்டு விடுதலையையும் சனாதன தர்மத்தையும் ஒரே மூச்சில் பேசியது; இன்றைய அளவுகோலை வைத்துப் பார்த்தால் அரசியலும் மதமும் பின்னிய ஒரு வன்முறைச் செயல் அது. ஆங்கிலேய அரசுக்கு அவர் கொலையாளி. விடுதலை பெற்ற இந்தியாவில் அந்த ரயில் நிலையமே வாஞ்சி மணியாச்சி. நோபல் அமைதிப் பரிசு பெற்று, தென்னாப்பிரிக்காவின் குடியரசுத் தலைவராகவும் இருந்து ஓய்வுபெற்ற நெல்சன் மண்டேலாவின் பெயர் அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து 2008இல்தான் நீக்கப்பட்டது. இத்தகைய அனுபவங்களை மனத்தில் வைத்தே பிபிசி, ராய்ட்டர்ஸ் போன்ற நிறுவனங்கள் பயங்கரவாதி என்ற சொல்லைத் தம் சொந்தக் குரலில் பயன்படுத்துவதைத் தவிர்த்து, வேறொருவர் அப்படிச் சொன்னால் அவர் கூற்றாக மட்டும் வெளியிடும் வழக்கத்தைக் கைக்கொண்டன. கொல்லப்பட்டவர்களின் உறவினருக்கு இந்த ஒதுங்கல் ஈரமற்றதாகத் தோன்றுவது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் ஒருவன் சந்தையில் குண்டு வைத்தான், இத்தனை பேர் இறந்தார்கள், இறந்தவர்கள் இன்னார் என்று நடந்ததை நடந்தபடி எழுதும்போது அந்தச் செயலின் கொடுமை சிறிதும் குறைவதில்லை. அடைமொழி சேரும்போதுதான் எழுதியவரின் சார்பு செய்திக்குள் நுழைகிறது.

ஊடக ஆய்வாளர்கள் இதைச் சட்டகம் என்ற கருத்தால் விளக்குகிறார்கள். கைவினைஞர் ஒரு படத்துக்குச் சட்டம் போடும்போது அதன் ஓரங்கள் எங்கே வெட்டுப்படுகின்றன என்பதைப் பொறுத்துப் படத்தில் எது நடுவாகத் தெரியும் என்பது மாறிவிடுவதுபோல, செய்தியும் ஒரு நிகழ்வின் சில கூறுகளைத் தேர்ந்து முன்னிறுத்திச் சிலவற்றை வெட்டிவிடுகிறது. ராபர்ட் என்ட்மன் என்ற அமெரிக்க அறிஞர் 1993இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின்படி, ஒரு சட்டகம் சிக்கல் எது என்று வரையறுக்கிறது, அதற்குக் காரணம் யார் என்று சுட்டுகிறது, அறம் சார்ந்த தீர்ப்பு வழங்குகிறது, தீர்வையும் பரிந்துரைக்கிறது. இந்த நான்கு வேலைகளும் தாக்குதல் செய்திகளில், காவல்துறை இன்னும் சடலங்களை எண்ணிக்கொண்டிருக்கும்போதே, ஒரு தலைப்பிலும் ஒரு புகைப்படத்திலும் முடிந்துவிடுகின்றன என்பதே இங்கே கவலைக்குரியது. மிகக் குறைவாகத் தெரிந்திருக்கும் நேரமே மிக அதிகமாகப் பேசப்படும் நேரமாகவும் இருக்கிறது.

இதற்கு 2011 ஜூலை 22 அன்று நார்வேயில் நடந்ததைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அன்று பிற்பகல் ஓஸ்லோவில் அரசு அலுவலகங்கள் இருந்த பகுதியில் வேனில் வைத்திருந்த குண்டு வெடித்து 8 பேர் இறந்தனர். அடுத்த சில மணிநேரத்தில், தொழிலாளர் கட்சியின் இளைஞர் அணி கோடை முகாம் நடத்திக்கொண்டிருந்த உத்தோயா தீவில், காவலர் உடையில் வந்த ஒருவன் 69 பேரைச் சுட்டுக் கொன்றான், அவர்களில் பெரும்பாலோர் பதின்ம வயதினர். குண்டு வெடித்த செய்தி பரவியவுடனேயே பன்னாட்டுத் தொலைக்காட்சிகளில் அமர்ந்த பாதுகாப்பு வல்லுநர்கள், ஆப்கானிஸ்தானில் நார்வே படைகள் இருப்பதையும் நபிகள் நாயகம் குறித்த கேலிச்சித்திரச் சர்ச்சையையும் காரணங்களாக அடுக்கி, இது இஸ்லாமியத் தீவிரவாதிகளின் வேலையாகவே இருக்கும் என்று பேசத் தொடங்கினர். பிரிட்டனின் சன் நாளிதழ் மறுநாள் முதல் பதிப்பின் முகப்பில் அல்-காய்தாவின் பெயரைப் போட்டு, இதை நார்வேயின் 9/11 என்று தலைப்பிட்டது. பிடிபட்டவனோ ஓஸ்லோவில் பிறந்து வளர்ந்த, வெள்ளை இனத்தைச் சேர்ந்த, இஸ்லாமியர் குடியேற்றத்தையும் பன்முகப் பண்பாட்டையும் ஐரோப்பாவின் அழிவாகக் கருதிய நார்வேக்காரன்.

தவறு வெளிப்பட்ட பிறகு ஊடகங்களின் சொற்கள் எப்படி மாறின என்பதே இந்நிகழ்வின் முதன்மையான பாடம். அல்-காய்தாவின் வேலை என்று கருதப்பட்டபோது ஓர் உலகளாவிய இயக்கம், ஒரு மதம், ஒரு சித்தாந்தம் என்று விரிந்த பேச்சு, கொலையாளி யாரென்று தெரிந்ததும் தனியன், பித்தன், சிறுவயதில் தந்தையைப் பிரிந்தவன், கணினி விளையாட்டில் மூழ்கியவன் என்று ஒரு மனிதனின் மண்டைக்குள் சுருங்கிக்கொண்டது. செயலுக்கு முன்பே ஏறத்தாழ 1,500 பக்கத்தில் தன் அரசியல் காரணங்களைத் தொகுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பியிருந்த ஒருவனை அரசியலற்றவனாகப் பார்ப்பதற்குக் கணிசமான முயற்சி தேவைப்பட்டிருக்கும். நீதிமன்றம் அமர்த்திய முதல் மனநல மருத்துவர் குழு 2011 நவம்பரில் அவனுக்கு மனச்சிதைவு நோய் என்றது. அதன்மீது எழுந்த விவாதத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட இரண்டாம் குழு அதை மறுத்தது. 2012 ஆகஸ்ட் 24 அன்று ஓஸ்லோ நீதிமன்றம் அவன் மனத்தெளிவோடுதான் இக்கொலைகளைச் செய்தான் என்று தீர்ப்பளித்து, 21 ஆண்டுக் காவலையும், ஆபத்தானவன் என்று கருதப்படும்வரை அதை நீட்டிக்கும் ஏற்பாட்டையும் விதித்தது. தன்னைப் பைத்தியம் என்று சொல்லிவிடக் கூடாது என்பதில் அவனே உறுதியாக இருந்தான். கொல்லப்பட்ட பிள்ளைகளின் குடும்பங்களிலும் பலர், வேறு காரணத்துக்காக, அதையே விரும்பினர்; தம் பிள்ளைகள் ஒரு நோயால் இறக்கவில்லை, ஓர் அரசியலால் கொல்லப்பட்டார்கள் என்பது பதிவாக வேண்டும் என்று அவர்கள் எண்ணினர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போலிச் சீருடையும் பதக்கங்களும் அணிந்து, துப்பாக்கியைக் குறிபார்த்தபடி அவன் தனக்காகத் தானே தயாரித்து வைத்திருந்த புகைப்படங்களையே உலகப் பத்திரிகைகள் வாரக்கணக்கில் வெளியிட்டன. தான் எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்று கொலையாளி திட்டமிட்டானோ அப்படியே அவனைக் காட்டுவதற்கு ஊடகம் உடன்பட்டது. விசாரணையின்போது நார்வே இதைத் தடுக்க முயன்றது: வழக்கின் சில பகுதிகள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாக நீதிமன்றம் அனுமதித்தாலும் அவனது வாக்குமூலத்தை ஒளிபரப்ப அனுமதிக்கவில்லை, தாக்பிளாதே என்ற ஓஸ்லோ நாளிதழ், தன் இணையப் பதிப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் வழக்குச் செய்திகள் அனைத்தும் மறைந்துவிடும் வசதியை வாசகர்களுக்கு அளித்தது. துயரத்தில் இருக்கும் ஒரு வாசகர் அன்றைய நாளிதழைத் திறக்கும்போது அந்த முகம் எதிரே வந்து நிற்க வேண்டியதில்லை என்று ஒரு பத்திரிகை நினைத்துப் பார்த்தது உண்மையிலேயே பாராட்டத்தக்கது.

நார்வேயில் நடந்த தடுமாற்றம் புதிதன்று. 1995 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் அரசுக் கட்டடம் தகர்க்கப்பட்டு 19 குழந்தைகள் உட்பட 168 பேர் இறந்தபோதும், முதல் இரண்டு நாள்கள் மத்திய கிழக்கு முகங்களைத் தேடிய செய்திகளே ஓங்கியிருந்தன. குற்றவாளி அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய, அரசு எதிர்ப்பு வலதுசாரிக் கருத்துகளில் ஊறிய அமெரிக்கன். 2016 ஜூன் 16 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் தெருவில் கொல்லப்பட்டபோது, சில ஏடுகள் கொலையாளியை அமைதியான தோட்டக்காரர், தனிமையில் வாழ்ந்தவர், மனநலச் சிக்கல் உள்ளவர் என்று அக்கம்பக்கத்தார் வாயால் வரைந்தன; ஐந்து மாதம் கழித்து வாழ்நாள் முழுவதற்குமான சிறைத்தண்டனை வழங்கிய நீதிபதி, அது வெள்ளையின மேலாதிக்கத்தை முன்னெடுக்கச் செய்த அரசியல் கொலை என்று தெளிவுபடுத்தினார். எரின் கேர்ன்ஸ் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 2006 முதல் 2015 வரை அந்நாட்டில் நடந்த தாக்குதல்களை எடுத்து, இறந்தவர் எண்ணிக்கை, இலக்கு, கைது போன்ற வேறுபாடுகளைக் கணக்கில் கொண்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில், தாக்கியவர் முஸ்லிமாக இருந்தால் அந்தத் தாக்குதலுக்குச் சராசரியாக 357 விழுக்காடு கூடுதலான செய்திகள் வெளிவந்ததாகக் கண்டறிந்தனர்; ஏறத்தாழ நாலரை மடங்கு. பிற இனத்தான் கொன்றால் அவன் மதத்தில் காரணம் தேடுவதும், தன் இனத்தான் கொன்றால் அவன் மனத்தில் காரணம் தேடுவதும் பெரும்பான்மைச் சமூகங்கள் எங்கும் செய்வதுதான். மனநோயோடு வாழும், யாருக்கும் தீங்கு நினைக்காத எண்ணற்ற மனிதர்கள் மீதும் இதனால் ஒரு பழி விழுகிறது என்பது பேசப்படுவதே இல்லை.

இந்தியாவில் இதே சாய்வு வேறு உருவில் தெரிகிறது. மகாராஷ்டிரத்தின் மாலேகானில் 2006 செப்டம்பரில் குண்டுகள் வெடித்துத் தொழுகைக்கு வந்தவர்கள் இறந்தபோது கைதான முஸ்லிம் இளைஞர்களின் படங்கள் தீவிரவாதிகள் என்ற தலைப்போடு வெளிவந்தன. அவர்களை 2016இல் மும்பை தனி நீதிமன்றம் வழக்கிலிருந்து விடுவித்தது. அதே ஊரில் 2008 செப்டம்பரில் நடந்த குண்டுவெடிப்பில் இந்து அமைப்புகளோடு தொடர்புடையவர்கள் கைதானபோது காவித் தீவிரவாதம் என்ற புதுச் சொல் தலைப்புகளை நிறைத்தது; அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் 2025 ஜூலை 31 அன்று நீதிமன்றம் விடுதலை செய்தது. இருமுறையும் ஒரு முழுச் சமயத்தின் பெயரை வன்முறையோடு ஒட்டவைக்கும் சொற்சேர்க்கையை ஊடகங்கள் விசாரணை முடியும் முன்பே அச்சிட்டன, இருமுறையும் நீதிமன்றத்தில் குற்றம் நிறுவப்படவில்லை, மாலேகானில் உறவினரை இழந்த நெசவாளர் குடும்பங்களுக்குக் கொன்றவர் யார் என்ற விடை இன்னும் கிடைக்கவில்லை.

சான்டோ ஐயங்கார் என்ற அரசியல் தொடர்பியல் அறிஞர், அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளை ஆராய்ந்து 1991இல் எழுதிய நூலில் இரண்டு வகைச் சட்டகங்களைப் பிரித்துக் காட்டினார். குண்டு வெடித்தது, இத்தனை பேர் இறந்தனர் என்று ஒற்றை நிகழ்வை மட்டும் காட்டுவது நிகழ்வுச் சட்டகம். அந்த நிகழ்வுக்கு முன்னும் பின்னும் உள்ள வரலாற்றையும் சமூகச் சூழலையும் சேர்த்துக் காட்டுவது பொருட்சட்டகம். பயங்கரவாதச் செய்திகளில் பெரும்பகுதி முதல் வகை என்றும், அவ்வகைச் செய்தியைப் பார்த்தவர்கள் பொறுப்பு முழுவதையும் தனிமனிதர் மீது சுமத்தத் தலைப்படுகிறார்கள் என்றும் அவர் கண்டார். கோவையைக் கொண்டு இதைப் புரிந்துகொள்ளலாம். 1998 பிப்ரவரி 14 அன்று நடந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்ததைத் தமிழ்நாட்டில் அறியாதவர் குறைவு. அதற்கு முன் 1997 நவம்பர் 29 அன்று காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டதையும், அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் இறந்ததையும் அதே அளவு நினைவில் வைத்திருப்பவர் சிலரே. அந்தக் கலவரத்தைச் சொல்வது குண்டுவெடிப்பை நியாயப்படுத்துவதாகாது. சந்தையிலும் மருத்துவமனை வாசலிலும் நின்ற மனிதர்களைக் கொன்றதற்கு எந்த முன்கதையும் சமாதானமில்லை. ஆனால் முன்கதையை வெட்டிவிட்டால் வன்முறை ஒரு சமூகத்தின் பிறவிக் குணமாகத் தெரியத் தொடங்கும், அதைத் தடுக்கும் வழியும் கண்ணுக்குப் படாது.

தாக்குபவர்களுக்கும் ஊடகத்துக்கும் உள்ள உறவு இத்தோடு முடிவதில்லை, ஏனெனில் அவர்கள் கேமராவை மனத்தில் வைத்தே திட்டமிடுகிறார்கள். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் வீரர்களைப் பிணைபிடித்தவர்கள், தம்மைச் சுற்றிவளைக்கக் காவலர்கள் கூரையில் ஏறுவதை அறையிலிருந்த தொலைக்காட்சியிலேயே பார்க்கக்கூடிய நிலை இருந்தது. விளம்பரமே இவர்களுக்கு மூச்சுக்காற்று, அதை நிறுத்த வேண்டும் என்ற கருத்தை 1985இல் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் முன்வைத்தார். 1988 அக்டோபரில் சின் பெயின் கட்சி உட்பட 11 ஐரிஷ் அமைப்புகளின் சார்பில் பேசுவோர் குரலை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிபரப்ப அவரது அரசு தடைவிதித்தது. தடை குரலுக்கே தவிரச் சொல்லுக்கு இல்லை என்பதால், சின் பெயின் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸ் திரையில் வாயசைக்க ஒரு நடிகர் அவர் சொற்களைப் பின்னணியில் பேசும் ஏற்பாடு ஆறாண்டு நடந்து, 1994 செப்டம்பரில் கைவிடப்பட்டது. வட அயர்லாந்தின் அமைதி கடைசியில் அந்தத் தலைவர்களோடு பேசித்தான் வந்தது. மறுபக்கத்தில், அஞ்சல் குண்டுகளால் 17 ஆண்டுகளில் மூவரைக் கொன்ற யூனாபாம்பர் என்பவனின் 35,000 சொற்கள் கொண்ட அறிக்கையை 1995 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட் முழுமையாக வெளியிட்டது. மிரட்டலுக்குப் பணிந்த செயல் என்று கடுமையாகக் கண்டிக்கப்பட்ட அந்த வெளியீட்டைப் படித்தபோதுதான் கொலையாளியின் தம்பி அந்த நடையை அடையாளம் கண்டு காவல்துறையை அணுகினார், 1996 ஏப்ரலில் மொன்டானா மாநிலத்துக் குடிசையில் அவன் பிடிபட்டான். எல்லாவற்றையும் வெளியிடு என்பதும் எதையும் வெளியிடாதே என்பதும் எளிய விதிகள், இரண்டுமே போதாதவை.

நேரலை ஒளிபரப்பில் மட்டும் ஐயத்துக்கு இடமில்லை. 2008 நவம்பர் 26 இரவு தொடங்கி ஏறத்தாழ 60 மணிநேரம் மும்பையில் நடந்த தாக்குதலில் 166 பேர் இறந்தனர். தாஜ் ஓட்டலிலும் நரிமன் இல்லத்திலும் இருந்தவர்களைப் பாகிஸ்தானிலிருந்து தொலைபேசியில் இயக்கியவர்கள், பாதுகாப்புப் படையினரின் ஒவ்வோர் அசைவையும் இந்தியத் தொலைக்காட்சிகளில் பார்த்தே கட்டளையிட்டனர் என்பது பதிவான உரையாடல்களிலிருந்து தெரிய வந்தது. இவ்வழக்கில் 2012 ஆகஸ்ட் 29 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்த அந்த நேரலையைப் பேச்சுரிமையின் பெயரால் நியாயப்படுத்த இயலாது என்று கண்டித்தது. 2015இல் கேபிள் தொலைக்காட்சி விதிகள் திருத்தப்பட்டு, பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளின்போது அதிகாரி ஒருவர் அவ்வப்போது தரும் தகவலை மட்டுமே ஒளிபரப்பலாம் என்றானது. மும்பை அனுபவத்துக்குப் பிறகும், 2015 ஜனவரியில் பாரிஸில் யூதர் கடை ஒன்று முற்றுகையிடப்பட்டபோது, உள்ளே குளிரறையில் ஆள் ஒளிந்திருப்பதைப் பிரெஞ்சுத் தொலைக்காட்சி ஒன்று, கொலையாளி இன்னும் கடைக்குள் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருக்கையிலேயே, சொல்லிவிட்டது. ஒளிந்திருந்தவர்கள் உயிர் பிழைத்தார்கள் என்பது நற்பேறு.

தீவிரவாதம் என்ற சட்டகத்தை அரசு கையிலெடுக்கும்போது அது செய்தியாளர் மேலேயே திரும்பும் என்பதற்கு இலங்கை சான்று. 2006இல் மாத இதழொன்றில் போர்ச் செயல்பாடுகளை விமர்சித்து எழுதிய கட்டுரைகளுக்காகத் தமிழ்ப் பத்திரிகையாளர் ஜெ.எஸ்.திசைநாயகம் 2008 மார்ச்சில் கைதாகி, 2009 ஆகஸ்ட் 31 அன்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 20 ஆண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின் 2010இல் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. இறுதிப் போர் நடந்த பகுதிக்குள் சுதந்திரமான செய்தியாளர்கள் அனுமதிக்கப்படாததால், மனிதாபிமான நடவடிக்கை என்று அரசு சூட்டிய பெயரே பல நாட்டு ஊடகங்களுக்கு மூலச் செய்தியாயிற்று.

அதே நாட்டில் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் தற்கொலைக் குண்டுதாரிகள் 260க்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆலயங்களில் இறந்தவர்களில் தமிழ்க் கத்தோலிக்கரும் பிற கிறிஸ்தவரும் ஏராளம். அடுத்த சில நாள்களில் தேடப்படுவோர் என்று காவல்துறை வெளியிட்ட படங்களில் ஒன்று, நிகழ்வோடு எந்தத் தொடர்பும் இல்லாத, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியுடையது. ஊடகங்கள் அதைச் சரிபார்க்காமல் பரப்பிய பிறகே மன்னிப்பு வந்தது. மே மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அந்தப் புகை அடங்குவதற்குள், மே 23 அன்று, ஒரு முஸ்லிம் மருத்துவர் 4,000 சிங்கள பௌத்தப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்துவிட்டதாகச் சிங்கள நாளிதழ் ஒன்று முதல் பக்கத்தில் வெளியிட்டது. குருநாகல் மருத்துவமனையைச் சேர்ந்த அந்த மருத்துவர் கைதானார். குற்றப் புலனாய்வுத் துறை விசாரித்துவிட்டு, குற்றச்சாட்டுக்குச் சான்று இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. அவர் பிணையில் வந்து, ஆண்டுகள் கழித்துப் பணிக்கும் திரும்பினார். முதல் பக்கத்தில் வந்த பொய்க்கு இணையான இடம் மறுப்புக்கு எந்நாட்டிலும் கிடைப்பதில்லை. மறுப்பு வந்தபோது வாசகர் வேறு பக்கத்துக்குப் போயிருந்தார்.

இதே சட்டகம் குண்டே இல்லாத இடத்துக்கும் நகரும் என்பதை 2020இல் இந்தியா கண்டது. மார்ச் மாதம் டெல்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாஅத் கூட்டத்துக்குச் சென்று திரும்பியவர்களிடம் கொரோனா தொற்று காணப்பட்டபோது, சில இந்தி, ஆங்கில அலைவரிசைகள் நோயையும் ஜிகாத் என்ற சொல்லையும் இணைத்து, ஒரு தொற்றைச் சதித்திட்டமாக மாற்றின. அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்துசெய்து, அச்சு ஊடகமும் காட்சி ஊடகமும் நடத்திய பெரும் பரப்புரையைக் கண்டித்து, அவர்கள் பலியாடுகளாக்கப்பட்டதாகக் குறிப்பிட்டது. தமிழ்நாட்டில் சுகாதாரத் துறை தன் அன்றாட அறிக்கையில், ஏப்ரல் தொடக்கத்திலேயே அமைப்பின் பெயரை விட்டுவிட்டு, ஒரே மூலத்திலிருந்து பரவிய தொற்று என்ற பொருளில் சிங்கிள் சோர்ஸ் என்று சொல்லத் தொடங்கியது. தொற்றைக் கண்காணிக்கத் தேவையான தகவல் அனைத்தும் அந்தச் சொல்லில் இருந்தது, அக்கம்பக்கத்து முஸ்லிம் வீட்டைப் பகையோடு பார்க்கவைக்கும் எதுவும் அதில் இல்லை.

சொற்களைப் பற்றிய இத்தகைய கவனத்தை ஒரு நாட்டின் பத்திரிகையாளர்கள் கூட்டாக எடுத்துக்கொண்டது நியூசிலாந்தில். 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது கிறைஸ்ட்சர்ச் நகரின் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன், நார்வேக் கொலையாளியை முன்னோடியாகச் சுட்டிய அறிக்கையை அனுப்பிவிட்டு, கொலைகளைத் தலையில் பொருத்திய கேமராவால் பேஸ்புக்கில் நேரலை செய்தான். முதல் 24 மணிநேரத்தில் அந்தக் காணொளியின் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக அந்நிறுவனம் அறிவித்தது. பிரிட்டனின் டெய்லி மிரர் மறுநாள் முகப்பில் அவன் பொன்முடிக் குழந்தையாகத் தந்தையின் கையில் இருக்கும் படத்தைப் போட்டு, தேவதை போன்ற சிறுவன் என்று எழுதியது. கொல்லப்பட்டவர்களில் மூன்று வயதுக் குழந்தையும் இருந்தது. பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் அவன் பெயரைத் தாம் ஒருபோதும் உச்சரிக்கப் போவதில்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஒரு வாரம் கழித்து, மார்ச் 22 அன்று, கிறைஸ்ட்சர்ச்சின் தி பிரஸ் நாளிதழ் தன் முகப்பில் அரபு எழுத்தில் சலாம் என்ற சொல்லையும் இறந்தவர்களின் பெயர்களையும் அச்சிட்டது. மே 1 அன்று அந்நாட்டின் ஐந்து பெரிய செய்தி நிறுவனங்கள், போட்டியாளர்களாக இருந்தும், வழக்கைப் பற்றி எழுதுவதற்குப் பொதுவிதிகளை வகுத்து வெளியிட்டன: வெள்ளையின மேலாதிக்கத்தைப் பரப்பும் கூற்றுகளுக்கு இடம் சுருக்கப்படும், அவன் காட்டும் சைகைகளும் சின்னங்களும் படமாக வெளிவரா, அனுபவமுள்ள செய்தியாளர்களே நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுவர். செய்தியை மறைக்கும் ஏற்பாடாக இது அமையவில்லை. வழக்கின் ஒவ்வொரு கட்டமும் வாசகருக்குச் சொல்லப்பட்டது.

2020 மார்ச்சில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் நீண்ட விசாரணை நடக்கவில்லை. ஆகஸ்ட் 24 முதல் நான்கு நாள் நடந்த தண்டனை அமர்வில், அங்கிருந்து உடனுக்குடன் செய்தி வெளியிட நீதிமன்றம் தடைவிதித்திருந்ததால், செய்தியாளர்கள் கேட்டு, குறிப்பெடுத்து, பிறகு எழுதினர். உயிர் தப்பியவர்களும் கணவரை, மகனை, தந்தையை இழந்தவர்களுமாக ஏறத்தாழ 90 பேர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து அவனைப் பார்த்துப் பேசினார்கள். பேச அவனுக்கு வாய்ப்பளிக்கப்பட்டபோது அவன் மறுத்துவிட்டான். பரோல் இல்லாத ஆயுள் தண்டனை அறிவிக்கப்பட்ட அந்த வாரத்தில் நியூசிலாந்து நாளிதழ்களின் பக்கங்களை நிறைத்தவை அந்த 90 பேரின் சொற்கள்.